மெரூன் கோட்டும் ஒரு சாட்சியும்

என் மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். இப்போது தங்கை இருக்கிறாள். இரண்டும் ஒரே ஆள்தான். மச்சினன் போய் மச்சினி வந்தாள், எனக்கென்ன நஷ்டம் என்று கிண்டல் செய்தால், "மாமா, அடி வாங்குவீங்க" என்பாள். பழக்கதோஷத்தில் யாராவது அவளை "டா" போட்டுக் கூப்பிட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவர்கள் தலையில் என்று வீட்டில் சட்டம் போட்டாள். முதல் மாதம் முழுக்க நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிக் கழுவினோம். போகப்போக வாய் பழகிவிட்டது.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. ஃப்ரேமின் அளவுக்கு ஓரத்தை இழைத்து, கீறல் விழாமல் பொருத்த வேண்டும். அந்தக் கடையில் ஆண்களுக்குச் சாம்பல் நிறக் கோட்டு, பெண்களுக்கு மெரூன். ஒரு நாள் காலையில் அவள் மெரூன் கோட்டைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் முதலாளி சீட்டைக் கிழித்துவிட்டார். வேறு கடைகளில் ஏறி இறங்கினாள். அந்த மகராசன்கள் வேலையைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார்கள்.

வழக்குப் போட்டோம். சட்டத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: ஆண் என்றோ பெண் என்றோ பார்த்து யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. இதில் இவளைப் போன்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லையே என்று எதிர்த்தரப்பு கையை விரித்தது.

எங்கள் வக்கீலம்மா கெட்டிக்காரி. "புதுச் சட்டம் வர்றதுக்குள்ள நமக்கெல்லாம் வயசாயிடும். இருக்கற வரியே போதும். கவுன்டர்ல நிக்கற பொண்ணும் அதே மெரூன் கோட்டத்தான் போடறா. அவளுக்கு வேலை போகல, இவளுக்குப் போச்சு. ஏன்? இவ ஆம்பளையா பொறந்தவ. அப்ப ஆணா பொண்ணான்னு பாத்துதானே நீக்கியிருக்காங்க?"

நான் கைதட்டாத குறைதான்.

"ஆனா பொறப்பு என்னன்னு யாராவது கூண்டுல ஏறிச் சொல்லணும். இப்ப அவங்க, சான்றிதழ்ல பொண்ணுன்னுதானே இருக்கு, வேலை சரியில்லன்னுதான் நிறுத்தினோம்னு சாதிக்கறாங்க."

மச்சினியின் சான்றிதழ்களில் எல்லாம் பெண் என்று மாற்றி வாங்கியாகிவிட்டது. பழையதை அவளே கொளுத்திவிட்டாள். அப்பா அம்மா இல்லை. மிச்சம் அக்காதான்.

என் மனைவி முடியவே முடியாது என்றாள். சம்மதிக்க வைத்தது தங்கைதான். "சொல்லுக்கா. இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும். ஒரு நாள் கூத்துதானே, நான் காதப் பொத்திக்கறேன்."

வக்கீலம்மாவின் அறையில் சொல்லிப் பார்த்தபோது, என் மனைவி "தம்பி" என்ற சொல்லைத் தாண்டவில்லை. அழுதுவிட்டாள். தங்கைதான் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள்.

கோர்ட்டில் வக்கீலம்மா கேட்டார். "இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"என் தம்பிங்க. நான்தான் வளத்தேன். ஒரே ஆம்பளப் பிள்ளை, வீட்டுக்கே செல்லம். முடி வெட்ட உக்கார வெச்சா போதும், கத்தற கத்துல சலூனே அதிரும். ரெண்டு பேர் பிடிச்சுக்கணும். அவ்வளவு முரடுங்க இவன்!"

கேட்டதற்கு மேலேயே சொன்னாள். நீதிபதிகூடச் சிரித்தார்.

ஜெயித்தோம். அந்த ஒரு வரி இப்படிப்பட்ட தொழிலாளர்களையும் காக்கும் என்று தீர்ப்பானது. முன்பின் தெரியாதவர்கள் கோர்ட் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த வாரமே அவள் மெரூன் கோட்டில் வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் குறைந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி விடாப்பிடியாக வரவழைத்து உட்கார வைத்துக் கேட்டாள். "எம்மேல கோவமாடி? நீ சொல்லச் சொன்னதத்தானே சொன்னேன்?"

"கோவமெல்லாம் இல்லக்கா. நீ சொல்லலன்னா எனக்கு வேலையே இல்ல." காலி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். "கோர்ட்டுல நீ அழுதுடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன். அழவே இல்ல. நீ என்னப் பத்தி அவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் கேட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல என் மனைவி வாயெடுத்தாள். பிறகு தங்கை கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று அந்தக் கூண்டில் என் மனைவியின் முகம் எப்படி மலர்ந்தது என்று நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.