எங்கள் வீட்டு வர்ணம்

எங்கள் வீட்டில் வர்ணம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கச்சேரியில் முதலில் வாசிப்பது. சுவருக்கு அடிப்பது சாயம், சேலைக்குப் பார்ப்பது கலர். இது தெரிந்தும் என் ஓவியக் கண்காட்சிக்கு 'வர்ணம்' என்று பெயர் வைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நோட்டீசில் நான் போட்டது இவ்வளவுதான். வர்ணம். தர்மினி தம்பு. ஞாயிறு மாலை, குயின் தெரு, மாடி. சுருக்கமாக அழகாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டு அம்மாவுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். அம்மா உடனே கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். நான் உருகிப்போனேன். "அந்தப் படத்த நீ மாட்டினா, நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்று சொன்னவர் அவர்.

அந்தப் படம் அப்பாவின் படம். துறைமுக அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் அப்பா, டை கட்டாமல் வாசலைத் தாண்ட மாட்டார். போன வருஷம் நுரையீரல் கெட்டு, ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் நாற்காலியே கதி என்று ஆகிவிட்டது. சாயங்காலமானால் என்னைத் தினமும் ஒரே வர்ணத்தை வாசிக்கச் சொல்வார். முதலில் நிதானமான காலத்தில் வாசிப்பேன், அவர் கை தாளத்தோடு ஒழுங்காக வரும். அதையே இரண்டாம் காலத்தில் வேகமாக எடுத்ததும் ஓர் இடத்தில் அவர் தாளம் முந்திக்கொண்டு ஓடிவிடும். சமையலறையிலிருந்து அம்மா, "ஓடாதீங்க!" என்று கத்துவார். எழுந்து நடக்க முடியாத மனுஷனிடம் ஓடாதே என்று சொன்னால் அவர் என்னதான் செய்வார்? அப்பா வாயைத் திறப்பார். அது சிரிப்பா, மூச்சுக்குத் தவிப்பா என்று அவர் கண்மூடும்வரை எனக்குத் தெரியவில்லை.

அந்த வாயைத்தான் வரைந்தேன்.

கல்யாண மண்டபங்களில் வயலின் வாசித்துப் பிழைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் வரைகிறேன். எந்த ஓவியக் கூடத்தோடும் எனக்கு ஒட்டுறவு கிடையாது. கண்ணால் பார்த்ததை நான் வரைவதில்லை, மனசில் பட்டதை வரைகிறேன். அதனால் முகங்கள் பச்சையாக வரும், கைகள் நீண்டுபோகும். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் அவற்றைப் பேய்ப்படம் என்பார்கள். படம் விற்கிற ஒருவர், "டிரைஷா போடுங்க, கப்பல்ல வர்ற டூரிஸ்ட் அள்ளிட்டுப் போவான்" என்று புத்தி சொன்னார். அந்த மிதி ரிக்‌ஷாவை நானும் தினமும்தான் பார்க்கிறேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லையே, என்ன செய்ய?

எனக்கு வில் பிடிக்கிற கைதான் தூரிகை பிடிக்கிற கையும். ஒரு வரியை வாசிப்பேன். வில் எவ்வளவு தூரம் ஓடியதோ, எவ்வளவு அழுத்தியதோ, அது கையில் ஆறுவதற்குள் வயலினைக் கீழே வைத்துவிட்டு, சுவருக்குச் சாயம் அடிக்கும் அகலத் தூரிகையால் அதே இழுப்பை இழுப்பேன். அப்பாவின் வாய் முழுவதும் இரண்டாம் காலம். சிவப்பும் கறுப்புமாக, ஆள் உயரத்துக்கு, சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதை அம்மா பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. பாதியில் இருந்தபோது ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், முடிந்ததை நின்று பார்க்க வேண்டும். படத்தைக் கழற்றினால் அம்மா வருவார், மாட்டினால் வரமாட்டார் என்று தெரிந்தேதான் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் போய், வருகிறவர்களுக்குத் தின்னக் கரிப்பாப் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், மாடியில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ஜமக்காளம், மைக். நாற்காலிகள் எல்லாம் அப்பாவின் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. கீழே நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் இத்ரீஸ் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"உங்கம்மா போன் பண்ணாங்க தங்கச்சி. கச்சேரிக்கு நாக்காலி போடச் சொன்னாங்க."

"கச்சேரியா? யாரு சொன்னா?"

"வர்ணம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க லா!"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கைகூப்பும் படம் எதற்கு என்றும் புரிந்தது. நோட்டீசைக் கழற்றி ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் படியில் பட்டுச்சேலைகள் சரசரத்தன. அம்மா முன்னால் வந்தார், மார்போடு அணைத்த என் பழைய வயலின் பெட்டியுடன். பின்னால் சங்கமே வந்தது.

அம்மா உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். பெட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

"நீ இதெல்லாம் விட்டுட்டு மறுபடி மேடைக் கச்சேரிக்கு வந்துட்டேன்னு நெனச்சேன், பிள்ளை" என்றார். "எல்லாருக்கும் சொல்லிட்டேன். தம்பு மகள் வர்ணம் வாசிக்கிறா, வாங்கன்னு."

கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அம்மா கெஞ்சுவது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பின்னாலிருந்து குசுகுசுப்பு. "தம்புவா இது? ஐயோ, எவ்ளோ டீசன்ட்டான மனுஷன்!" சங்கத் தலைவர் கார்த்திகன் அங்கிள் நல்லவர், எதையும் சுமுகமாக முடித்துவைப்பார். தொண்டையைச் செருமினார்.

"தர்மினி, ஒண்ணு செய்யலாம். படத்துமேல ஒரு துணியப் போடுங்க. கீழ துணிக்கடையில கேட்டா நல்ல துணி தருவாங்க. நீங்க வாசிங்க, நாங்க கேட்டுட்டுப் போறோம். அம்மாவுக்கும் சந்தோஷம்."

அம்மா என்னைப் பார்த்தார். ஒரு துணி, அவ்வளவுதான். போட்டால் அம்மா முன்வரிசையில் உட்காருவார், தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி நாட்களில் வருகிறவர்கள் எல்லாரும் அப்பாவின் முகத்தை விட்டுவிட்டு, சுவரிலிருந்த டை கட்டிய போட்டோவைப் பார்த்துத்தான் பேசினார்கள். நானும் அவரை மூட வேண்டுமா?

"துணி போடமாட்டேன் அங்கிள்" என்றேன். "வாசிக்கிறேன். நாற்காலியத் திருப்பிப் போட்டு, அப்பாவப் பாத்து உட்காருங்க."

"அப்ப உனக்கு முதுகு காட்டிக்கிட்டா உட்காருறது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா. என்னைப் பார்க்க என்ன இருக்கு?"

சிலர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். போகட்டும். இத்ரீஸ் அண்ணன் நாற்காலிகளைத் திருப்பினார். கார்த்திகன் அங்கிள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும். அம்மா மட்டும் உட்காரவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவும் இல்லை.

ஜமக்காளத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்தேன். கீழே துணிக்கடையில் சினிமாப் பாட்டு அலறியது. யாரோ இறங்கிப் போய்ச் சொன்னார்களோ என்னவோ, சற்று நேரத்தில் அடங்கியது. ஆரம்பித்தேன்.

முதல் காலம் ஒழுங்காகப் போனது. எதிரே வரிசையாகப் பின்னந்தலைகள், மல்லிகைச் சரங்கள், அவற்றுக்கு மேலே அப்பாவின் வாய். இரண்டாம் காலத்தை எடுத்தேன். அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு நாற்காலிகளுக்கு இடையே நடப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. படத்தைக் கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். கழற்றினாலும் நிறுத்தப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அப்பா ஓடுகிற இடம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தாளம் தவறாத என் கை, அன்றைக்குத் தவறியது. கண்ணீரில் வில் முந்திக்கொண்டு ஓடிற்று.

அம்மா படத்துக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓடாதீங்க" என்றார்.

என்னிடம் சொல்லியிருந்தால் 'ஓடாத' என்றிருப்பார்.