மூன்று முறை சிரித்த முகம்

கோழி வெட்டும் ஆலையின் வாசலில் மூஞ்சி அக்கா நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரக் கல் ஒன்று உண்டு. அதில் காவலாளியின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. பதினொரு மணிக்குச் சங்கு ஊதினால் பத்து நிமிட இடைவேளை. அதற்குள் பாப்பாவின் அம்மாவைப் பிடித்து ஒரு கையெழுத்து வாங்கியாக வேண்டும். உள்ளேயிருந்து வெந்நீரும் இறகும் ரத்தமும் கலந்த வாடை வந்தது. முதலில் மூக்கைப் பொத்தத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் மூக்கே அலுத்துப்போய் விட்டுவிடும்.

"என்ன மூஞ்சி அக்கா, இன்னிக்கு எத்தனையாவது மூஞ்சி?" என்றார் காவலாளி.

"உங்க பைக்கு இருக்கிற மரியாதையப் பாத்தா நாலாவது."

"இன்னும் அஞ்சு வரலையா? அப்ப நிக்கலாம், நிக்கலாம்."

அவளுடைய அடையாள அட்டையில் 'சமூக மனநல இணைப்பாளர்' என்று இருந்தது. அவளை வேலைக்கு வைத்த மையத்தின் பெயர் அட்டையின் முன்பக்கத்தில் இடம் போதாமல் பின்பக்கம் போய் முடிந்தது. குழந்தை, குடும்பம், மனம், நலம், சமூகம், ஒருங்கிணைப்பு என்று எதையும் விட்டுவைக்காத பெயர். அவள் போய்வந்த சந்துகளில் அது யார் வாயிலும் நுழையவில்லை. அவளுடைய பையில் ஐந்து அட்டைகள் இருக்கும். முதல் அட்டையில் பல் தெரியச் சிரிக்கும் முகம். அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினால் ஐந்தாவது, வாயைப் பிளந்து அழும் முகம். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது குழந்தை ஒரு முகத்தைத் தொட வேண்டும். அவள் கிளம்பும்போது மறுபடி ஒன்றைத் தொட வேண்டும். தொட்ட விரலோடு படம் எடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். அதனால் அவள் மூஞ்சி அக்கா.

சங்கு ஊதியது. ரப்பர் பூட்ஸ் சேற்றில் பதியப் பதியப் பாப்பாவின் அம்மா ஓடிவந்தாள். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, மடங்க மறுத்தன. பேனாவை முஷ்டிக்குள் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இடம் கிடைச்சிடுமா அக்கா?"

"இந்த மாசம் ஒரு இடம்தான் குடுக்கறாங்க. வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்க. நம்ம பாப்பாவுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

"நீங்க சொன்னா சரி." அம்மா கையை ஏப்ரனில் துடைத்தாள். அது கையைவிட ஈரமாக இருந்தது. "தினம் அஞ்சரைக்கு அந்தப் பூட்டப் பூட்டிட்டு வரேன் பாருங்க, இங்க மெஷின் போடுற சத்தத்துலகூட அந்த க்ளிக்குதான் கேக்குது."

பாப்பாவுக்கு ஒன்பது வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாமல் பூட்டிய அறையில் படுத்திருந்தபோது பக்கத்து அறையில் தீப்பிடித்தது. யாரோ கடப்பாரையால் பூட்டை உடைத்து அவளை வெளியே இழுத்துப் போட இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு வகுப்பறைக் கதவைச் சாத்தினாலே கத்தினாள். உட்கார்ந்த இடத்தில் நெற்றி முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "சரியானதும் கூட்டிட்டு வாங்க" என்று பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். பள்ளி இல்லையென்றால் வீடு, அம்மாவுக்கு ஆலை. சந்தில் போகிறவன் வருகிறவனை நம்பிக் கதவைத் திறந்துபோட முடியாது. பழைய பூட்டு உடைந்துபோனதால் அம்மா அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினாள்.

மையத்தில் பகல்நேர அறை ஒன்று புதிதாகக் கட்டியிருந்தார்கள். காலை ஐந்து மணி முதல் மாலைவரை குழந்தைகளை விடலாம். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். எல்லாவற்றையும்விட, அந்த அறைக்குக் கதவே கிடையாது, வெறும் வளைவுதான். மூஞ்சி அக்கா அந்த வளைவைப் பார்த்த அன்றே பாப்பாவின் பெயரை மனதுக்குள் எழுதிவிட்டாள்.

கையெழுத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகச் சந்துக்குப் போனாள். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அம்மாவிடம், ஒன்று இவளிடம். செவ்வாய்க்கிழமை தோறும் இவள் வந்து திறப்பாள். ஒரு மணி நேரம் கழித்துப் பூட்டிவிட்டுப் போவதும் இவள்தான். திறப்பதற்கும் பூட்டுவதற்கும் செயலியில் கட்டம் எதுவும் இல்லை.

பூட்டில் கை வைத்த சத்தம் கேட்டதும் உள்ளே பாப்பா இரண்டடி பின்னால் போனாள். கதவு உள்பக்கம் திறக்கும். அதற்கு இடம் விட வேண்டும். அந்த இரண்டு காலடிச் சத்தமும் கேட்ட பிறகுதான் மூஞ்சி அக்கா கதவைத் தள்ளுவாள்.

பாப்பா ஓடிப்போய்ச் செங்கலை எடுத்துவந்து கதவுக்கு அண்டை கொடுத்தாள். அதுதான் அவர்களுடைய முதல் வேலை. அப்புறம் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து சந்தில் போகும் கால்களை எண்ணுவார்கள். பயிற்சிக் கையேட்டில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று மாதம் வாய் திறக்காத பெண், "அந்தச் செருப்பு நேத்தும் வந்துச்சு" என்று ஒருநாள் சொன்னது இந்தப் படியில்தான். பூட்டிய கதவின் அடியில் கண்ணை வைத்து முந்தின நாள் அவள் பார்த்த செருப்பு.

அட்டைகளில்தான் வில்லங்கம். கதவு திறந்ததும் பாப்பா இரண்டாவது முகத்தைத் தொடுவாள். கிளம்பும்போது ஐந்தாவதை. எட்டு வாரம் ஒன்றுபோலவே. மூன்று வாரத்துக்கு முன் இயக்குநரே கூப்பிட்டார். மூஞ்சி அக்காவின் கைபேசியில் ஸ்பீக்கர் போட்டால்தான் சத்தம் கேட்கும்.

"நீங்க உள்ள போகும்போது ரெண்டு, வெளிய வரும்போது அஞ்சு. கிராஃபப் பாருங்கம்மா! நீங்க போறதாலதான் குழந்தைக்கு மோசமாகுது."

"நான் கிளம்புறதால சார்."

"அதத்தானே நானும் சொல்றேன்! இன்னும் ஒரு வாரம் இப்படி வந்தா அந்த வீட்டுக்கு வேற ஆளப் போட்டுடுவேன்."

படியில் உட்கார்ந்திருந்த பாப்பா கால்களை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

"வேற ஆளுன்னா நீங்க வர மாட்டீங்களா?"

"அவரு சும்மா கத்துவாரு. நீ எண்ணு."

அடுத்த வாரம் கிளம்பும்போது பாப்பா முதல் அட்டையைத் தொட்டாள். "நெசமாவா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். செயலி பச்சையாக மின்னியது. இயக்குநரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அன்று மூஞ்சி அக்கா பேருந்தில் உட்கார இடம் கிடைத்தவள்போல் வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வாரமும் முதல் முகம்.

இன்று பாப்பா தலையில் அம்மாவின் துணியைக் கட்டியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தபோது நாணயம் அளவு இருந்த வழுக்கை உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. ஓரத்தில் ரத்தம் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது.

"என்னடா தங்கம் இது?"

"ஒண்ணுமில்ல. அரிச்சுது."

கிளம்பும் நேரம் வந்தது. ஐந்து அட்டைகளையும் படியில் வரிசையாகப் பரப்பினாள். "நல்லா யோசிச்சு, மனசுல என்ன இருக்கோ அதத் தொடு. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

பாப்பா முதல் அட்டையில் விரலை வைத்தாள். நகம் வெளுக்க, அட்டை வளைய அழுத்தினாள். மூஞ்சி அக்கா படம் எடுத்து ஏற்றினாள். கைபேசித் திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. கைதட்டல் கேட்டது. 'வாழ்த்துகள்! இன்னொரு குழந்தை மீண்டது. கோப்பு முடிக்கப்பட்டது.'

அவள் திரையை மேலும் கீழும் தேய்த்தாள். திரும்பிப் போக வழி இல்லை. போன மாதம் செயலியைப் புதுப்பித்தபோது பதினாறு பக்க விதிகள் வந்திருந்தன. களப்பணியாளர்கள் எல்லோரையும் போல அவளும் விரலால் ஒரே இழுப்பாகக் கடைசிவரை இழுத்து 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியிருந்தாள். தொடர்ந்து மூன்று வாரம் முதல் முகம் வந்தால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும் என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் கிரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து, கிரீமை மட்டும் முன்பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய பிஸ்கட்டுகளை அடுக்க அவருக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டிருந்தது. அது பாப்பாவின் அம்மா முஷ்டியில் பேனா பிடித்துக் கையெழுத்திட்ட விண்ணப்பம்.

"சார், அந்தப் பொண்ணுக்குச் சரியாகல. தலையப் பாத்தீங்கன்னா..."

"முடி கொட்டுறதுக்குத் தோல் டாக்டர் இருக்காங்கம்மா. நாம மனசு." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். விரலில் இருந்த கிரீம் சட்டையில் ஒட்டியது. "மனசுன்னா என்ன? ஒரு பூ. தானா மலரணும். மலர்ந்திருக்கு. நீங்க ஏன் கசக்கப் பாக்கறீங்க?"

"அவ பயந்துபோய்த் தொட்டிருக்கா. நீங்க அன்னிக்கு ஃபோன்ல பேசினது அவ காதுல விழுந்திருக்கு."

"அப்ப குழந்தை பொய் சொல்லுதுங்கறீங்க." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "குழந்தையோட குரலுக்குக் காது குடுங்கன்னு வாசல்ல எவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்கோம்? குழந்தை சிரிச்ச முகம்னு சொல்லுது. இணைப்பாளர் இல்லைங்கறாங்க. நான் யாரை நம்பணும்?"

"அந்த ஒரு இடத்தையாவது அவளுக்குக் குடுங்க சார்."

"மீண்ட குழந்தைக்கு எப்படிம்மா குடுக்கறது? தேவை இருக்கிறவங்களுக்குத்தான்."

"சரி, யாருக்குக் குடுத்திருக்கீங்க?"

"இந்த மாசம் யாருக்குமே தேவை இல்ல." அவர் முகம் மலர்ந்தது. "எல்லாக் கோப்பும் மூடியாச்சு. நூத்துக்கு நூறு. திங்கக்கிழமை பார்வையாளர்கள் வராங்க, அறையும் சுத்தமா இருக்கும்."

வளைவுக்கு அப்பால் மெத்தைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. வேலைக்கு எடுத்த பெண்கள் இருவரும் அந்த உறைகளின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போறதுக்கு முன்னாடி அந்த வீட்டுச் சாவிய எழுத்தர்கிட்ட குடுத்துடுங்க" என்றார் இயக்குநர், அடுத்த பிஸ்கட்டைப் பிரித்தபடி. "முடிஞ்ச கேஸோட சாவி நம்ம ஆளுங்க கையில இருக்கக் கூடாது. குழந்தை பாதுகாப்பு விஷயம், விளையாட்டில்ல. அவங்க அம்மா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும். வேலை நேரத்துல வரச் சொல்லுங்க. அப்புறம் அந்த வீட்டுக் கதவுல நம்ம ஸ்டிக்கர ஒட்டி, படம் இன்னிக்கே வந்துடணும். இல்லன்னா நூறு வராது."

எழுத்தர் சாவியை உறையில் போட்டு, நாக்கால் நக்கி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஸ்டிக்கர் வட்டமாக, தட்டு அளவில், மஞ்சளாக இருந்தது. பல் தெரியச் சிரிக்கும் முகம். கீழே 'இது மகிழ்ச்சியான வீடு' என்ற எழுத்து. மூஞ்சி அக்கா சந்தில் நின்று கதவைப் பார்த்தாள். கடப்பாரை பட்டுப் பிளந்த பலகையில் ஒட்டாது. வழுவழுப்பாக இருந்த ஒரே இடம் பூட்டுக்கு அடியில்தான். சத்தம் வராமல் ஒட்டினாள். விரலால் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளினாள்.

கைபேசியைப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம் வந்தது. முகம் அதற்குள் அடங்க வேண்டும். தொங்கிய பூட்டு முகத்தின் நெற்றியை மறைத்தது. வட்டம் சிவப்பாகவே நின்றது. இடமும் வலமும் நகர்ந்து பார்த்தாள். இயக்குநருக்குக் கூப்பிட்டாள்.

"பூட்டு மறைக்குது சார்."

"பூட்டு தெரியாம எடுங்கம்மா. இதையெல்லாமா கேப்பீங்க?" சந்து முழுக்கக் கேட்டது.

உள்ளே பாய் சரசரத்தது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் நிழல் வந்து நின்றது.

"மூஞ்சி அக்காவா? இன்னிக்குச் செவ்வாக்கிழமையா?"

"இல்லடா."

"நான் சரியாத்தானே தொட்டேன்? உங்கள மாத்தலதானே?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கைபேசி ஒலித்தது: 'படம் நிலுவையில் உள்ளது.'

இடது கையால் பூட்டைத் தூக்கி மேலே பிடித்துக்கொண்டாள். வலது கையால் படம் எடுத்தாள். வட்டம் பச்சையானது. பூட்டை விட்டாள். அது கதவில் ஒருமுறை இடித்து, மஞ்சள் முகத்தின் மேல் வந்து நின்றது.

பூட்டில் கை பட்ட சத்தம் கேட்டு, உள்ளே பாப்பா இரண்டடி பின்னால் போனாள்.