உப்புக்கஞ்சியும் கரி பஸ்ஸும்

ஒச்சாண்டி மூன்றாவது ரப்பர் பைக்குள் அரைப்படி தண்ணீரை ஊற்றி, பஸ்ஸின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு அதன் முன்னாலேயே குந்தி உட்கார்ந்தான். கால் மணி நேரம் போயிற்று. தாள் காய்ந்தே கிடந்தது.

"அண்ணே! சொட்டலண்ணே! ஒரு சொட்டு விழல!"

ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் படுத்திருந்த நல்லகண்ணு எழுந்து ஓடிவந்தான். ஐந்து மாதத்தில் அவன் ஓடியது அன்றுதான். நாலு எட்டு வைத்ததுமே மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தான்.

நல்லகண்ணு டிரைவர். தேனியிலிருந்து கம்பம் போய் வரும் பஸ்ஸை எட்டு வருஷமாக ஓட்டியவன். ஒச்சாண்டி அதே பஸ்ஸின் கிளீனர். யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டபிறகு, வண்டியின் பின்பக்கம் ஆளுயர இரும்பு அடுப்பு ஒன்றை மாட்டி, அடுப்புக்கரியைப் போட்டு, அந்தப் புகையில்தான் எஞ்சினை ஓட்டினார்கள். கரியைக் கிளறுவதும், அடுப்பை ஊதும் காற்றாடியைச் சுற்றுவதும், டியூபுக்கு ஒட்டுப் போடுவதும் ஒச்சாண்டியின் வேலைகள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றும்போது நல்லகண்ணு அப்படியே சுருண்டு விழுந்தான். அடிவயிற்றில் வெகுநாளாகக் குடல் இறங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு இறங்கிய குடல் திரும்பி ஏறவில்லை. மாட்டுவண்டியிலும் ரயிலிலுமாக மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஒரு பாகம் கருகிப்போயிருந்தது. டாக்டர் கருகியதை வெட்டி எடுத்தார். அவன் இருந்த நிலையில் மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க முடியவில்லை. குடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே இழுத்துத் தைத்து, உயிரைக் காப்பாற்றினார்.

"ஒரு வருஷம் போகட்டும். உடம்பு தேறினால் உள்ளே சேர்த்துப் பார்க்கலாம். அதுவரை இதோடுதான்" என்றார் டாக்டர்.

இதோடு எப்படி இருப்பது என்பது யாருக்கும் தெரியவில்லை. ரோஜா மொட்டுப் போலச் சிவந்திருந்த அந்தக் குடல் வாயிலிருந்து பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் தண்ணீராகக் கொட்டியது. துணி வைத்துக் கட்டினால் ஒரு நாழிகை தாங்காது. வழிந்தது பட்ட இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிந்து தோல் உரிந்தது. அதைவிடத் தாகம் பெரிய கொடுமை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பான். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே வரும், கூடவே இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு. கண் குழிந்து, கெண்டைக்கால் முறுக்கி, எழுந்தால் தலை சுற்றும். இரண்டு தடவை கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நரம்பில் தண்ணீர் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்தால் பத்து நாளில் பழையபடி.

இரண்டாவது தடவைதான் நர்ஸ் லூர்து மேரி அவன் மனைவி ராமுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, வீட்டுல என்ன குடிக்கக் குடுக்குற?"

"தண்ணிதான் நர்சம்மா. கேக்கக் கேக்கக் குடுக்குறேன். ஒரு நாளைக்கு ரெண்டு குடம் போகுது."

"இங்க நரம்புல ஏத்துறமே, அது என்ன தெரியுமா? வெறுந்தண்ணி இல்ல, உப்புத் தண்ணி. இவருக்கு வயித்துல இருந்து உப்புத்தான் ஓடுது. நீ வெறுந்தண்ணிய ஊத்த ஊத்த, அது மிச்சம் இருக்குற உப்பையும் அரிச்சுக்கிட்டு ஓடிப்போகும்."

ராமுத்தாய் வாயைப் பிளந்தாள். "அப்ப நானா இவரக் கொல்லுறேன்?"

"நீ என்ன செய்வ, யாரும் சொல்லல. அரிசிக் கஞ்சி காய்ச்சு. நல்லாக் குழையணும். கல்லுப்புப் போடு. கண்ணீர் உதட்டுல பட்டாக் கரிக்குமே, அந்த அளவு. அதுக்கு மேல வேணாம். மடக்கு மடக்கா நாள் முழுக்கக் குடிக்கட்டும். சோறு தனியா, கெட்டியா. சோத்தோட தண்ணி சேக்காத. வெறுந்தண்ணி ஒரு செம்புக்கு மேல கூடாது, எம்புட்டுக் கெஞ்சுனாலும்."

"கண்ணீர் ருசி எனக்கு நல்லாத் தெரியும் நர்சம்மா" என்றாள் ராமுத்தாய்.

முதல் மூன்று நாள் வீட்டில் பெரிய சண்டை. தண்ணீர்ப் பானையை அவள் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவன் திட்டினான், அழுதான், கஞ்சிச் செம்பைத் தட்டிவிட்டான். அவள் மறுபடி காய்ச்சினாள். வெளியே வருவதைச் சட்டியில் பிடித்து, தினமும் ஒரு படியால் அளந்து சுவரில் கரிக்கோடு போட்டாள். மூன்று படி இருந்தது. நாலாம் நாள் இரண்டரை. ஒரு வாரத்தில் இரண்டுக்கும் கீழே. தண்ணீராக வந்தது கூழ் மாதிரி வந்தது.

"ஏங்க, இங்கன வந்து பாருங்களேன்! கோடு கொறஞ்சுருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து, எதைப் பார்க்கச் சொல்கிறாள் என்று புரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னும் குறைய டாக்டர் அபின் துளி கொடுத்திருந்தார். குடித்தால் குறையும், கூடவே கண்ணைச் சொருகும். நல்லகண்ணு அதை ஓரமாக வைத்துவிட்டான்.

"ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்கு ஆகாது" என்றான்.

அப்போதுதான் ராமுத்தாய்க்கு அவன் மனசு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தது.

பை ஒச்சாண்டியின் யோசனை. பழைய டியூபில் ஒரு முழம் வெட்டி, மேலே காசளவு துளை போட்டு, துளையைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சொல்யூஷன் தடவி ஒட்டினான். இடுப்பைச் சுற்றிக் கட்ட டியூப் வார். கீழ் முனையை மடித்து ஒரு கிளிப் மாட்டினால் அடைப்பு, எடுத்தால் வடிகால். முதல் பையில் ஒட்டு விட்டுப்போனது. இரண்டாவதில் வளையம் சப்பையாக இருந்து பக்கவாட்டில் வழிந்தது. மூன்றாவதற்கு வளையத்தின் உள்பக்கம் மெத்தென்று பஞ்சுத்துணி வைத்து, நர்ஸ் கொடுத்த வெள்ளைக் களிம்பைத் தோலில் கனமாகப் பூசிக் கட்டினார்கள். ஒரு நாள் முழுக்க நின்றது. சட்டைக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. நல்லகண்ணு தெருவில் இறங்கிக் கடைவீதி வரை நடந்துவிட்டு வந்தான். திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்து ராமுத்தாய்க்கு வெட்கமே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

சித்திரை பிறந்தது. வீரபாண்டித் திருவிழா நெருங்கியது. பஸ் முதலாளி சின்னச்சாமிக்கு வண்டி இருந்தது, கூட்டம் இருந்தது, ஆனால் இடையில் ஓட்டிய டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டான். நல்லகண்ணு போய் நின்றான். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பொழைச்சதே பெரிசு. உனக்கு எதுக்குய்யா இது?"

"ஒரு ட்ரிப்பு குடுங்க முதலாளி. பாத்துட்டுச் சொல்லுங்க."

"சனம் நிறைஞ்ச வண்டி. நடுவழியில நீ சாஞ்சுட்டீன்னா? உன்னால வண்டி ஒரு தடவை நின்னாலும் எறங்கிரணும். சரியா?"

"சரிங்க."

திருவிழாவின் முதல் நாள் விடியற்காலையில் ஒச்சாண்டி காற்றாடியைச் சுற்றச் சுற்ற அடுப்புக் கனன்றது. ராமுத்தாய் இரண்டு பாட்டிலில் கஞ்சியை நிரப்பி, ஈரத்துணி சுற்றி, டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தாள். நல்லகண்ணு ஏறி உட்கார்ந்து கியரைத் தொட்டான். வண்டி அதிர்ந்து கிளம்பியதும் அவனை அறியாமல் ஒரு கூவல் வந்தது.

போகும்போது எல்லாம் சொகுசு. கரி கிளற வண்டியை எங்கெங்கே நிறுத்த வேண்டுமோ அங்கெல்லாம் அவனும் மறைவாக ஒதுங்கி, பையை வடித்துவிட்டு, ஐந்து மடக்குக் கஞ்சி குடித்தான். இரண்டு அடுப்புக்கும் ஒரே நேரம் என்று ஒச்சாண்டி சிரித்தான். வயலெல்லாம் பின்னால் ஓட, மேற்கே மலை கூடவே வந்தது. கம்பத்தில் ஜனம் முண்டியடித்து ஏறியது. தீச்சட்டிக்கு நேர்ந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்தவர்கள், மஞ்சள் சேலைக்காரிகள். கூரையிலும் பத்துப் பேர்.

கூட்டம் ஏறிய அமளியில் யாரோ ஒரு மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள். முழுசாக இருந்த பாட்டில் உடைந்தது. நல்லகண்ணு கவனித்தபோது கஞ்சி பலகை இடுக்கில் ஒழுகிப் போயிருந்தது. மற்றதில் இரண்டு மடக்குத்தான் மிச்சம்.

"பரவாயில்ல, போயிரலாம்" என்றான்.

வெயில் ஏறியது. எஞ்சின் சூடு காலைச் சுட்டது. வேர்வை ஆறாக ஓடியது. உத்தமபாளையம் தாண்டி இரண்டு மைல் போவதற்குள் உதடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் மரத்தன. கிளட்சில் வைத்திருந்த இடது கெண்டைக்கால் திடீரென்று கல்லாக முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைப் புளியமர நிழலுக்கு ஓட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தான்.

"ஏய், என்னய்யா நிறுத்திட்ட?"

"டிரைவர் தள்ளாடுறான்டா! குடிச்சிருக்கான்!"

ஒச்சாண்டி பின்னாலிருந்து பாய்ந்து வந்தான். "யாருய்யா குடிச்சா? அவருக்குக் குடிக்கத்தான் ஒண்ணும் இல்ல!"

நல்லகண்ணு மெதுவாகத் திரும்பினான். இத்தனை மாதம் மறைத்ததை இனி மறைத்து ஆவதில்லை என்று தோன்றியது. சட்டையைக் கொஞ்சம் தூக்கி, கறுப்பு ரப்பர் பையைக் காட்டினான்.

"வயித்துல ஆபரேசன். எனக்குக் குடல் வெளிய இருக்கு. உப்பு உடம்புல தங்காது. உப்புக் கஞ்சி குடிச்சாத்தான் கால் வேலை செய்யும். கஞ்சி கொட்டிப்போச்சு. மன்னிச்சுக்கங்க."

ஜரிகைத் துண்டு போட்ட ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். நல்லகண்ணு அவர் முதுகையே பார்த்தான்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கூடலூரிலிருந்து வந்த ராக்கம்மாள், வயல்வேலை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். மடியில் ஒரு துணி முடிச்சு.

"ஏப்பா, கல்லுப்பு ஆகுமா?"

"ஆகும் ஆத்தா. இருக்கா?"

"இருக்கு. மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்ட உப்பும் மெளகும்."

"சாமிக்கு உள்ளதா? வேணாம் ஆத்தா."

"என்னத்துக்கு நேந்தேன்? எங்க வீட்டு ஆளுக்கு மேலுக்குச் சொகமாகணும்னு. மேலுக்கு முடியாத ஆளு நீ இங்கன எதிர்லயே உக்காந்திருக்க. பாதி உனக்கு, பாதி அவளுக்கு. அவ கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே பரபரப்பு. கூரையிலிருந்து ஒருவர் தூக்குச்சட்டியை இறக்கினார். பழைய சோறும் நீச்சத் தண்ணியும். ஒச்சாண்டி சோற்றைக் கையால் பிசைந்து கரைத்து, உப்பைக் கல்லில் நுணுக்கிப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"எப்படி இருக்கணும்?" என்றார் தூக்குச்சட்டிக்காரர்.

"கண்ணீர் மாதிரி."

"நீ அழுது காட்டு, சரியா இருக்கான்னு பாப்போம்!"

நல்லகண்ணு மடக்கு மடக்காகக் குடித்தான். இரண்டு ஆட்கள் அவன் காலை நீட்டிப் பிடித்து நீவினார்கள். இன்னும் நாலு பேர் முறை வைத்துக் காற்றாடியைச் சுற்றினார்கள். அரை மணியில் முறுக்கு விட்டது. விரலில் உணர்ச்சி வந்தது. காலை ஊன்றி நின்று, ஒரு தடவை குதித்துப் பார்த்தான். "ஏறுங்க!" என்று கத்தினான். வண்டியே கூவியது. மெதுவாகத்தான் ஓட்டினான். சின்னமனூர் முக்கில் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்ததையும் வாங்கிக் குடித்தான்.

வீரபாண்டியில் மேளம் காதைப் பிளந்தது. ஆற்றங்கரை முழுக்கத் தலைகள். முதலாளி சின்னச்சாமி கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் ராமுத்தாய், தேனியிலிருந்து நடந்தே வந்தவள், இடுப்பில் ஒரு கஞ்சிக் கலயத்தோடு.

"என்னய்யா, இம்புட்டு நேரம்? கரி அணைஞ்சு போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கரி வண்டிகள் வழியில் நிற்பது ஊரறிந்த விஷயம். ஒச்சாண்டி கண்ணால் சாடை காட்டினான்.

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி. நான்தான் நின்னேன். கால் முறுக்கிருச்சு" என்றான் நல்லகண்ணு. சொன்ன வாக்குப்படி இறங்கிவிட, ஹேண்டிலை எடுத்து நீட்டினான்.

முதலாளி அதை வாங்கவில்லை. இறங்கிய ஜனம் போகாமல் வட்டம் கட்டி நின்றது. ராக்கம்மாள் முன்னால் வந்தாள்.

"முடியலன்னதும் நெழல்ல கொண்டாந்து நிறுத்துனாக. எங்கள ஒரு பள்ளத்துல எறக்கல. எங்களுக்கு இந்த டிரைவர்தான் வேணும்."

முதலாளி காதைச் சொறிந்தார். கம்பத்துக்குத் திரும்ப எழுபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ராமுத்தாயின் கலயத்தைப் பார்த்தார்.

"ஒரு ட்ரிப்புக்கு எத்தனை பாட்டில் வேணும்?"

"நாலு" என்றாள் ராமுத்தாய் சட்டென்று. "கண்ணாடி வேணாம், தகரக் கேன் குடுங்க. சின்னமனூர்ல எங்க சித்தி மக இருக்கா, அங்கனயும் ஒரு கலயம் வச்சுர்றேன்."

"ரெண்டு மைலுக்கு ஒரு தடவை நின்னு குடிய்யா. நான் கேக்கல" என்றார் முதலாளி நல்லகண்ணுவிடம்.

அந்தத் திருவிழாவின் எட்டு நாளும் அவன்தான் ஓட்டினான். அதற்குப் பிறகும் பத்து மாதம், ஆறு பைகள் தேயும்வரை. மறு மாசியில் டாக்டர் வயிற்றைத் திறந்து குடலைச் சேர்த்துத் தைத்தார். பிழைத்தான்.

ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யார் நினைத்தார்கள்? நல்லகண்ணு படுதா மறைவில் போய்ப் பையை வடித்துக் கழுவி, கிளிப்பை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு வந்தான். ராமுத்தாய் அவன் பக்கத்துச் சீட்டில் கலயத்தை மடியில் அணைத்தபடி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"நான் கம்பம் பாத்ததேயில்ல" என்றாள்.

அவன் ஹாரனை மூன்று தரம் அமுக்கினான். கூட்டம் வழிவிட்டது.