உயிர் கூப்பிட்ட நாள்

செல்வநாயகி அன்று கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை. நோயாளியைப் பூசாரியிடம் கூட்டிப்போகிற நாளில் இவளுக்கென்ன சோடனை! என் கணவரின் மச்சாள் அவள். ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் கலியாணம் பேசி, சாதகம் பொருந்தாமல் குழம்பிப்போனதாம். எனக்கு இதைச் சொல்லாத ஆள் எங்கள் பண்டத்தரிப்பில் இல்லை.

அவர் புகையிலைத் தோட்டத்தில் நின்றபோது பக்கத்தில் பொம்மர் விமானம் குண்டு போட்டது. அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. ஊட்டினால் சாப்பிடுவார், இருத்தினால் இருப்பார். ஆஸ்பத்திரியில் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இது பயந்த கோளாறு, உயிர் வெருண்டு வெளியே நிற்கிறது, அளவெட்டிப் பூசாரி தம்பிஐயா கூப்பிட்டுத் தருவார் என்று சொன்னது செல்வநாயகிதான். சொன்னதோடு நின்றிருக்கலாமே? வண்டிலில் ஏறி அவருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

தம்பிஐயா அவரைக் கோலத்தின் நடுவில் இருத்தி, வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவினார். உடுக்கு மெல்லத் தொடங்கி ஏறியது. பூசாரிக்கு அம்மன் கலை வந்து உடம்பு உதறியது.

"உயிர் வாசலிலை நிக்குது. உரித்துள்ள ஆள் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ."

உரித்துள்ள ஆள் நான். ஆனால் தாலி ஏறின நாள் தொட்டு அவர் பெயரை நான் சொன்னதில்லை. சொன்னால் புருஷனின் ஆயுள் குறையும் என்றுதானே என்னை வளர்த்தார்கள்? சங்கக் கடையில் பங்கீட்டுக்கு அவர் பெயர் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவர்தான் எனக்காகச் சொல்லுவார்.

"இஞ்சருங்கோ..." என்றேன்.

"அது பேரில்லைப் பிள்ளை."

"நான் கூப்பிடட்டே?" என்றாள் செல்வநாயகி. ஒருவரும் ஓம் சொல்ல முதலே, "சிவம்... சிவம், வாரும்" என்றாள்.

சிவம்! எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த காலத்தில் வைத்ததாக்கும். அவர் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. நான் குளிப்பாட்டி, ஊட்டி, நித்திரை முழித்துக் கிடந்தும் திரும்பாத தலை! சந்தோஷப்பட வேண்டிய பெண்சாதி, அவள் குரல்வளையைப் பிடித்து நெரிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடாமல் கூப்பிடு பிள்ளை" என்றார் தம்பிஐயா. "ஆருடைய குரலுக்கு வருகுதோ, பிறகு அந்தக் குரலோடைதான் உயிர் நிக்கும்."

அவள் குரலோடா? செத்தாலும் விடமாட்டேன். குறைகிற ஆயுளை என்னுடையதிலிருந்து எடு தாயே என்று அம்மனிடம் சொல்லிவிட்டு எழும்பினேன்.

"எடேய் நமசிவாயம்! வீட்டை வாடா!"

உடுக்கு நின்றது. கூடியிருந்த சனம் வாயைப் பிளந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்து உதடு துடித்தது.

"ஏனடி பூரணம், உனக்கென்ன விசரே? நாலு பேருக்கு முன்னாலை கட்டினவனை வாடா எண்டுறாய்!"

அவளுக்குக் கிடைத்தது வெறும் தலைதிருப்பல். எனக்கு முழு ஏச்சு. செல்வநாயகி அழுதாள், அவளுக்கு அங்கே என்ன அழுகையோ! நான் அவர் காலடியில் விழுந்து, "இன்னும் ஏசுங்கோ, இன்னும் ஏசுங்கோ" என்றேன்.