எட்டரை மணி மழை

பரலோகத்தில் மழையே கிடையாது என்று போதகர் சொன்னபோது என் வீட்டுக்காரரின் சவப்பெட்டி எனக்கு இரண்டடி முன்னால் இருந்தது. பொன் வீதி, முத்து வாசல், ஓயாத வெளிச்சம். அங்கே இருட்டில்லை, வெயிலில்லை, புயலில்லை, மழையில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். போதகருக்குச் சின்ன வயசு, நல்ல பிள்ளை. எனக்கு என்னவோ பற்றிக்கொண்டு வந்தது. தபால் பிரிக்கும் இடத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். தப்பான ஊருக்குப் போகிற பையைப் பார்த்தால் கை தானாக நீண்டுவிடும். இந்த மனுஷனைத் தப்பான விலாசத்துக்கு அனுப்புகிறார்களே என்று எழுந்திருக்கப் பார்த்தேன். பக்கத்திலிருந்த நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அழப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் வானிலை நிலையத்தில் மழை அளந்தவர். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து எழுதவேண்டும். அதற்காக மண்ணில் முழங்கால் போடுவார். கோயிலில் முழங்கால் போடச் சொன்னால் மட்டும் மூட்டுவலி வந்துவிடும். ஓய்வு பெற்றபோது நிலையத்தில் கழித்துப்போட்ட பழைய மழைமானி ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அளந்துவிட்டு, ஆராதனைக்குப் பத்து நிமிஷம் பிந்தி, முட்டியில் சேறோடு வந்து உட்காருவார்.

சாட்சி நேரத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மை என்று மகனுக்கு வேலை கிடைத்ததையும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும் சொல்வார்கள். இவர் எழுந்து, "இந்த வாரம் நாப்பத்திரெண்டு மில்லிமீட்டர். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். முதல் தடவை எனக்கு மானமே போனது. வீட்டுக்கு வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன்.

"நீ கேட்டா பெஞ்சுது? நான் கேட்டா பெஞ்சுது?" என்றார். "கோயில் கூரையில ஒரு சொட்டு கூடுதலா விழல, சாராயக்கடைக் கூரையில ஒரு சொட்டு குறையல. இதச் சொல்லாம வேற எதச் சொல்றது?"

அந்த வருஷமே ஒருநாள் ஆலங்கட்டி மழை பெய்தது. நான் துணி எடுக்க ஓடுகிறேன், இவர் முற்றத்தில் தலையில் அடி வாங்கிக்கொண்டு வாய் பிளந்து நிற்கிறார். உள்ளே வாங்க என்று கத்தினால் காதில் விழவில்லை. கோயிலில் ஒருநாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. மனுஷன் கும்பிடுகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் சாட்சி நேரத்தில் யார் சிரித்தாலும் திரும்பி முறைப்பேன்.

கடைசி மூன்று மாதம் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒருநாள் விடிகாலையில் லேசான தூறல். குடுவையில் முதல் கோட்டுக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. சைபர்" என்றேன்.

"உள்ள ஈரமா இருந்துச்சா?"

"ஈரம் இருந்துச்சு."

"அப்ப சைபர் போடாத. அளக்க முடியலன்னு போடு. வந்தத வரலன்னு எழுதக்கூடாது."

மூச்சு வாங்க நோட்டைக் கேட்டு வாங்கி, நான் போட்ட சைபரை அடித்தார். அதற்குப் பிறகு அவர் பேனா பிடிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் மழையில்லாத ஊரில் எட்டரை மணிக்கு என்ன செய்வார்? மழையை எடுத்துவிட்டால் அவரில் மிச்சம் என்ன இருக்கிறது? அடக்கம் முடிந்து ஒரு வாரம் இதே நினைப்பு. சோறு இறங்கவில்லை. நேரே போதகரின் அறைக்குப் போனேன்.

"ஐயா, இனிமே அவர் சாட்சிய நான் சொல்லப்போறேன்."

"உங்க துக்கம் புரியுதும்மா. ஆனா கமிட்டியில பேசிட்டோம். சாட்சி நேரத்துல ஆத்துமாவுக்கு அடுத்த விஷயம் மட்டும்தான். மழையெல்லாம் பூமியோட போயிரும். மேல அவருக்கு அது தேவைப்படாது."

"தேவைக்கா அவர் அளந்தாரு? வாயடச்சுப்போய் நின்னாருய்யா. மேல போனா இதவிடப் பெருசாப் பாக்கலாம்னு இருந்தாரு. நீங்க தங்கத்தக் காட்டுறீங்க. அவரு ஒரு மோதிரம்கூடப் போட்டதில்ல."

போதகர் மேசைமேலிருந்த பேனாவை நேராக நகர்த்தி வைத்தார். "எழுதியிருக்கறதத்தான் நான் சொல்றேன்மா."

"எழுதினவங்க அவங்க பாத்ததுல எது பெருசோ அத வெச்சு எழுதுனாங்க. இவரு பாத்ததுல பெருசு மழை."

 "சாட்சி நேரத்துல மட்டும் வேண்டாம்மா" என்று போதகர் பழைய இடத்துக்கே வந்தார். சரி என்று நான் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தது. ஐம்பது மில்லிமீட்டர் கொட்டட்டும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்கிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லிவைத்திருந்தேன். ஆறு நாளும் பொட்டு மழை இல்லை. ஞாயிறு விடிகாலையில் நாலு தூறல் போட்டு நின்றுவிட்டது. எட்டரைக்கு முழங்கால் போட்டுக் குடுவையைக் கண்ணுக்கு நேரே வைத்தேன். முதல் கோடு எங்கேயோ இருந்தது. நல்ல நேரம் பார்த்துக் கழுத்தறுத்தீரே என்று ஆண்டவரிடம் வாய்விட்டே சொன்னேன். பிறகு மழைமானிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

கோயிலுக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். என் உடுப்பில் முட்டிக்கு நேரே இரண்டு சேற்று வட்டங்கள். நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள்.

"அண்ணி, எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காதீங்க."

"உங்கண்ணன் மானத்துக்குத்தான் வந்திருக்கேன்."

சாட்சி நேரம் வந்தது. இரண்டு பேர் சொன்னார்கள். போதகர் எல்லாப் பக்கமும் பார்த்தார், என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "வேற யாரும் இல்லன்னா பாட்டுக்குப் போவோம்" என்று புத்தகத்தைத் திறந்தார்.

நான் எழுந்தேன்.

"இந்த வாரம் அளக்க முடியல" என்றேன்.  "ஆனா வந்துச்சு. ஸ்தோத்திரம்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னதும் உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். நான் உட்காரவில்லை. போதகரின் விரல் பாட்டுப் புத்தகத்தின் நடுவில் நின்றது. என் முட்டிச் சேற்றைத் துடைக்கக் கைக்குட்டையோடு குனிந்த நாத்தனார், துடைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.