கைதட்ட முடியாத சொல்

என் மகள் தர்ஷினிக்கு நான்கு வயது. இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. "வாயிலேருந்து எது வந்தாலும் உடனே கைதட்டுங்க, நீங்களும் சத்தமாத் திருப்பிச் சொல்லுங்க" என்றார் பேச்சுப் பயிற்சி டீச்சர். அடிமாலி டவுனில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் யானை வந்தால் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் விளக்கணைத்து மூச்சடக்கும்.

நேற்றுச் சாயங்காலம் அரிசி வாசனை பிடித்து ஒரு கொம்பன் எங்கள் கதவை உரசிக்கொண்டு நின்றது.

"சத்தம் காட்டாத புள்ள" என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அக்கா சுவர் வழியே முணுமுணுத்தாள்.

தர்ஷினி ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆனை!" என்றாள், கணீரென்று.

கதவு அதிர்ந்தது.

அவள் வாயை இறுகப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.