ஒரே நாளில் இரண்டு தந்தி

1986 வைகாசியில் திருமங்கலத்துக்கு லீவில் வந்திருந்த முத்திருளனுக்கு ஒரே நாளில் இரண்டு தந்திகள் வந்தன. 'கம்பெனி கலைக்கப்பட்டது. உன் வேலை முடிந்தது' என்றது ஒன்று. 'உடனே வேலைக்கு வா' என்றது மற்றது. இரண்டுக்கும் அடியில் ஒரே மானேஜரின் பெயர்.

பம்பாய்க் கடலில் எண்ணெய் தோண்டும் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர் கம்பெனியில் அவன் மெக்கானிக். இரண்டே ஹெலிகாப்டரோடு அது தொடங்கிய நாளிலேயே, விமானப்படையை விட்டுவந்து சேர்ந்தவன்.

"வேலை இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள் மனைவி அன்னக்கொடி.

"அதான் வெளங்கல."

"ஏழு வருசமா இருக்கீக. கம்பெனி யாரோடதுன்னுகூடவா தெரியாது?"

அவன் யோசித்துப் பார்த்தான். முதலில் ஒரு கப்பல் வியாபாரி. பிறகு பங்காளிகள் பிரிந்தார்கள். பிறகு யாரோ வெளிநாட்டுக்காரன் பாதியை வாங்கியதாகச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் வாலில் மூன்று தடவை கம்பெனிப் பெயரை மாற்றி எழுதினார்கள். அவன் பாட்டுக்கு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான்.

தபாலாபீசில் பம்பாய் ஆபீசுக்கு டிரங்கால் போட்டு மத்தியானம்வரை காத்திருந்தான். ஒரு புதுக் குரல் கம்பெனிப் பெயரைக் கேட்டது. சொன்னான். அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று வைத்துவிட்டது. மறுபடி, ஹெலிகாப்டர் நிற்கும் ஷெட்டுக்கே கூப்பிட்டான். கூட வேலைபார்க்கும் உசிலம்பட்டி மலைச்சாமி எடுத்தான்.

"மாப்ள, கம்பெனிய வித்துட்டாக. எல்லாரையும் நேத்து நீக்கிட்டு இன்னைக்குப் புதுசாச் சேக்குறாக."

"அப்ப என் ஏழு வருசம்?"

"யாருக்கும் தெரியல. ஆனா நீ கியர்பாக்ஸ் மாட்டுன ஹெலிகாப்டர் நிக்குது. வேலை முடிஞ்சதுன்னு புத்தகத்துல கையெழுத்துப் போடாமப் போயிட்ட, அது இல்லாமப் பறக்க விடமாட்டாக. மேடையில இருவது பேரு ஷிப்ட் முடிஞ்சும் எறங்க முடியாமக் கெடக்காக."

நீக்கப்பட்டவன் கையெழுத்துப் போடலாமா? புதிதாகச் சேருகிறவன், சேருவதற்கு முன் செய்த வேலைக்குப் போடலாமா? மலைச்சாமிக்கும் தெரியவில்லை.

சாயங்காலமே பெட்டியைக் கட்டினான்.

"எந்தக் கம்பெனிக்குப் போறீக?" என்றாள் அன்னக்கொடி.

"தெரியல. அவுக எறங்கணும்ல."

பம்பாய் போய்ச் சேர்ந்ததும் கியர்பாக்சை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். எந்தத் தேதி போடுவதென்று கேட்டதற்கு, இன்றைய தேதியே போடு என்றார் மானேஜர். ஹெலிகாப்டர் கிளம்பியது. அதன்பிறகுதான் வேலைக்கான தாளை நீட்டினார்கள். புதியவர் என்பதால் ஆறு மாதம் பயிற்சிக்காலம் என்று அதில் இருந்தது.

முத்திருளன் அதை இரண்டு தடவை படித்தான். தனக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள் என்று கேட்டான். மானேஜர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

"உன் பேர்தான் போட்டிருக்கு," என்றார்.